ஸ்ரீசிட்டியில் வேலை, கும்மிடிப்பூண்டியில் வீடு: சம்பளச் சீட்டில் எந்தப் பிடித்தம் எதற்கு?

கும்மிடிப்பூண்டிவாசி

எல்லாருக்கும் வணக்கம். அம்பத்தூர் வேலையை விட்டுட்டு அக்டோபர் 2025ல ஸ்ரீசிட்டி கம்பெனி ஒண்ணுல சேர்ந்திருக்கேன். வீடு கும்மிடிப்பூண்டி, வாடகை 14,000. ஆஃபர் லெட்டர்ல சிடிசி வருஷத்துக்கு 16,91,118னு போட்டிருக்கு. மாசக் கணக்குல 1,40,926 வருது. ஆனா பேங்குல ஏறுறது 1,22,000. டிசம்பர் சீட்டு இது:

பேசிக் 65,000
ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) 26,000
ஸ்பெஷல் அலவன்ஸ் 39,000
மொத்தம் 1,30,000
பிஎஃப் 7,800
தொழில் வரி 200
வருமான வரி 0
கைக்கு 1,22,000

பழைய கம்பெனியில ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மாசம் 1,00,000 மொத்தச் சம்பளம். அங்கயும் வருமான வரி பிடிக்கல. கேள்வி மூணு. கிட்டத்தட்ட 19 ஆயிரம் எங்க போகுது? வீடு தமிழ்நாட்டுல இருக்கும்போது ஆந்திராவுக்கு எதுக்குத் தொழில் வரி? 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்லங்கறாங்களே, ரெண்டு இடத்துலயும் பிடிக்கலைன்னா எனக்கு வரி இல்லன்னு எடுத்துக்கலாமா?

சம்பளக்கணக்கு

முதல் கேள்விக்கு நான் சொல்றேன், சார். சிடிசிங்கறது உங்களுக்காகக் கம்பெனி செய்யுற மொத்தச் செலவு. அதுல உங்க சீட்டுக்குள்ளயே வராத ரெண்டு தொகை ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, கம்பெனி பங்கு பிஎஃப்: 65,000ல 12 சதவீதம், 7,800. இன்னொண்ணு கிராச்சுட்டி (வேலையை விடும்போது தர்ற பணிக்கொடை) ஒதுக்கீடு: பேசிக்ல 4.81 சதவீதம், அதாவது 3,126. இந்த ரெண்டையும் கழிச்சாதான் 1,30,000 வரும். அதுல இருந்து உங்க பங்கு பிஎஃப் 7,800, தொழில் வரி 200. நாலையும் கூட்டிப் பாருங்க: 18,926. ஒரு ரூபாகூட இடிக்காது.

இதுல 15,600 உங்க பேர்லயே பிஎஃப்ல சேருது, அது எங்கயும் போகல. கிராச்சுட்டி மட்டும் வேற மாதிரி. நிரந்தர ஊழியருக்கு அஞ்சு வருஷ சர்வீஸ் முடிஞ்சாதான் கைக்கு வரும். ரெண்டு மூணு வருஷத்துல இடம் மாறுறவர் அந்த 37,518ஐ வருஷச் சம்பளமா நினைச்சுப் பேரம் பேசக் கூடாது. அடுத்த தடவை ஆஃபர் வந்தா சிடிசியைப் பார்க்காதீங்க. "மாத மொத்தச் சம்பளம் எவ்வளவு, பிஎஃப் முழு பேசிக்குக்கா இல்ல 15,000 வரம்புக்கா" இந்த ரெண்டை மட்டும் எழுத்துல கேளுங்க. 15,000 வரம்புக்குப் பிடிக்கிற கம்பெனியில உங்க பங்கு வெறும் 1,800. அதே சிடிசியில கைக்கு வர்றது கூடும், பிஎஃப் சேமிப்பு குறையும்.

பாஸ்புக்கையும் ஒரு தடவை திறந்து பாருங்க. கம்பெனி பங்குல 1,250 பென்ஷன் பத்தியில போகுதா, முழு 7,800ம் பிஎஃப் பத்தியிலயே இருக்கான்னு. 2014 செப்டம்பர் 1க்கு அப்புறம் முதல் தடவையா பிஎஃப்ல சேர்ந்து, அப்பவே பேசிக் 15,000க்கு மேல இருந்தவருக்குப் பென்ஷன் திட்டம் கிடையாது, முழுசும் பிஎஃப்லதான் இருக்கணும். இதைத் தப்பாப் போட்டு வச்சுட்டா, பின்னால பணம் எடுக்கும்போதோ மாத்தும்போதோ விண்ணப்பம் நிக்கும்.

பழைய கம்பெனி பிஎஃப்பை எடுத்துடாதீங்க. அதே யுஏஎன்-க்கு (கம்பெனி மாறினாலும் மாறாத உங்க பிஎஃப் எண்) ஆன்லைன்ல மாத்துங்க. அஞ்சு வருஷம் தொடர்ச்சியா முடியாம எடுத்தா அந்தத் தொகைக்கு வரி உண்டு. 50,000க்கு மேலன்னா 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி) பிடிச்சுட்டுத்தான் கொடுப்பாங்க. மாத்திக்கிட்டா பழைய கம்பெனி சர்வீஸும் அந்த அஞ்சு வருஷத்துல சேரும்.

நகரி ஆடிட்

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது ஜனவரி. கையில் மூன்று சம்பளம்தான் பாக்கி.

வரி இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு வரி இருக்கிறது. வருமான வரி மாதத்துக்கு அல்ல, ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான முழு ஆண்டு வருமானத்துக்கு. எத்தனை முதலாளி மாறினாலும் கணக்கு ஒன்றுதான்.

நடந்தது இதுதான். அம்பத்தூர் கம்பெனி உங்கள் ஆண்டுச் சம்பளத்தை 12,00,000 என்று கணித்தது. நிலையான கழிவு 75,000 போக 11,25,000. அது 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யம். ஸ்ரீசிட்டி கம்பெனியோ அக்டோபரிலிருந்து ஆறு மாதம் மட்டும் பார்க்கிறது: 7,80,000. கழிவு போக 7,05,000. அதற்கும் பூஜ்யம். இருவர் கணக்கும் அவரவர் அளவில் சரி. ஆனால் அடிப்படை விலக்கு, நிலையான கழிவு, தள்ளுபடி மூன்றையும் உங்களுக்கு இரண்டு தடவை கொடுத்துவிட்டார்கள். சட்டத்தில் ஒரு தடவைதான்.

உண்மையான கணக்கு, 2025-26க்கு, புது முறையில் (விகிதம் குறைவு, ஆனால் பழைய முறையின் பெரும்பாலான கழிவுகள் இல்லை):

சம்பளம் 6,00,000 + 7,80,000 = 13,80,000
நிலையான கழிவு 75,000
வரிக்குரிய வருமானம் 13,05,000
முதல் 4 லட்சத்துக்கு இல்லை
4 முதல் 8 லட்சம், 5 சதவீதம்: 20,000
8 முதல் 12 லட்சம், 10 சதவீதம்: 40,000
மீதி 1,05,000க்கு 15 சதவீதம்: 15,750
கூட்டல் 75,750
செஸ் (வரியின் மேல் கூடுதல் வரி) 4 சதவீதம் 3,030
கட்ட வேண்டியது 78,780

இதுவரை பிடித்தது பூஜ்யம். இப்படியே விட்டு ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது கட்டினால், 234பி, 234சி பிரிவுகளின் கீழ் வட்டி மட்டும் ஏழாயிரத்துக்கு மேல் ஏறும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: ஃபார்ம் 12பி. பழைய முதலாளியிடம் வாங்கிய சம்பளம், பிஎஃப், தொழில் வரி, பிடித்த வரி எல்லாவற்றையும் அதில் நிரப்பி, செப்டம்பர் சம்பளச் சீட்டையும் இணைத்து ஹெச்ஆரிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டால் இரண்டு சம்பளத்தையும் சேர்த்து வரி பிடிப்பது அவர்கள் கடமை. மீதி மூன்று மாதத்துக்கு மாதம் 26,260 பிடிப்பார்கள். அக்டோபரிலேயே கொடுத்திருந்தால் மாதம் 13,130தான். தொகை ஒன்றே, தாமதம் ஆக ஆக மாதச் சுமை கனக்கும்.

கும்மிடிப்பூண்டிவாசி

ஆடிட் சார், நன்றி. சேரும்போது 12பி பத்தி யாரும் கேக்கவே இல்ல. 26,260 ஒரேயடியா போனா வீட்டுச் செலவு இடிக்கும். மார்ச் வரைக்கும் நானே கொஞ்சம் கொஞ்சமா கட்டலாமா?

நகரி ஆடிட்

கட்டலாம். ஆனால் ஹெச்ஆர் வழியே போவதுதான் உத்தமம், வட்டிப் பேச்சே எழாது. நீங்களே கட்டுவதென்றால் வருமான வரி இணையதளத்தில் இ-பே டேக்ஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே மதிப்பீட்டு ஆண்டு கேட்கும் இடத்தில் பலர் தவறுகிறார்கள். 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. நிதியாண்டை நினைத்துக்கொண்டு 2025-26 என்று தட்டினால் பணம் முந்தைய வருஷக் கணக்கில் போய் உட்காரும். ரிட்டர்ன் போடும்போது கட்டாதது போலவே நோட்டீஸ் வரும். வகை, மார்ச் 31 வரை முன்கூட்டிய வரி, எண் 100. ஏப்ரல் 1க்குப் பிறகு சுய மதிப்பீட்டு வரி, எண் 300.

ஆண்டைத் தவறாகத் தேர்ந்துவிட்டால் அதே தளத்தில் சலான் திருத்தம் உண்டு, கட்டிய நாளிலிருந்து 7 நாளுக்குள். வகை எண்ணைத் திருத்த 30 நாள். ஒரு சலானுக்கு ஒரு தடவைதான்.

வாளையார் பக்கம்

தொழில் வரிக் கேள்விக்கு யாரும் வரலைங்களே, நான் சொல்றேனுங்க. இது வருமான வரி மாதிரி மத்திய அரசு வரி இல்லீங்க. அரசியலமைப்பு 276வது பிரிவுல மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் கொடுத்த அதிகாரம். ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,500தான் உச்சம். வேலை எங்க நடக்குதோ அந்த மாநிலம் பிடிக்கும். வீடு எந்த மாநிலம், ஆதார்ல எந்த விலாசம், வண்டி எந்த ரிஜிஸ்ட்ரேஷன், ஒண்ணும் பாக்க மாட்டாங்க.

பிடிக்கிற விதந்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறுதுங்க. ஆந்திரால மாசாமாசம்: 15,000 வரைக்கும் இல்ல, 15,001ல இருந்து 20,000 வரைக்கும் 150, அதுக்கு மேல 200. தமிழ்நாட்லயும் கேரளாவுலயும் அரையாண்டுக் கணக்கு, உள்ளாட்சிக்குப் போகும். உச்சம் அரையாண்டுக்கு 1,250. கோயம்புத்தூர்ல குடியிருந்துக்கிட்டு கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போறவங்களுக்குப் புதுச்சேரி பஞ்சாயத்துக்குத்தான் தொழில் வரி போகுதுங்க (இது பாலக்காட்டுப் பக்கத்துப் புதுச்சேரி, பாண்டிச்சேரி இல்லீங்க). அங்க ஆகஸ்ட், பிப்ரவரி சம்பளத்துல மொத்தமாப் பிடிப்பாங்க. அதனால அந்த ரெண்டு மாசமும் "சம்பளம் குறைஞ்சு போச்சு"ன்னு ஹெச்ஆர்கிட்ட சண்டைக்கு நிக்கறவங்க நிறையப் பேரு. குறையலீங்க, ஆறு மாசத்துக்கானது ஒண்ணா விழுந்திருக்கு.

உங்க விஷயத்துல ஏப்ரல்-செப்டம்பர் அரையாண்டுக்கு அம்பத்தூர்ல பிடிச்சது சென்னை மாநகராட்சிக்கு. அக்டோபர்ல இருந்து 200 ஆந்திராவுக்கு. ரெண்டும் வேற வேற காலத்துக்கு, இரட்டைப் பிடித்தம் கிடையாதுங்க. சேர்ந்த மாசத்துலயே ரெண்டு பக்கமும் பிடிச்சிருந்தா மட்டும் பழைய சீட்டைக் காட்டிக் கேளுங்க.

ஆரணியாறு

நானும் அதே பக்கம்தான் வேலை, குடியிருப்பு சென்னை பெரம்பூர், வாடகை 30,000. பேசிக், ஹெச்ஆர்ஏ எல்லாம் இவர் சீட்டு மாதிரியேதான். வேலை பார்க்குற இடம் ஆந்திரா கிராமப்புறம்ங்கறதால ஹெச்ஆர்ஏ-க்கு 40 சதவீதம்தான்னு எங்க ஹெச்ஆர் சொல்றாங்க. சரியா? பழைய முறைக்கு மாறினா லாபமா?

நகரி ஆடிட்

சரியில்லை. ஹெச்ஆர்ஏ விதியில் பார்க்க வேண்டியது வாடகை வீடு இருக்கும் இடம், தொழிற்சாலை இருக்கும் இடமல்ல. 2025-26 கணக்குக்கு, வீடு சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்கில் ஒன்றில் இருந்தால் 50 சதவீதம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, சத்தியவேடு, தடா எல்லாம் 40. எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை என்பதால் இது மாறாது.

ஆனால் இந்த 40, 50க்காக ஹெச்ஆரோடு மல்லுக்கட்டும் முன் ஒரு விஷயம். விலக்கு என்பது மூன்று தொகையில் எது குறைவோ அது: வாங்கிய ஹெச்ஆர்ஏ, வாடகையில் பேசிக்கின் 10 சதவீதத்தைக் கழித்த மீதி, பேசிக்கில் 40 அல்லது 50 சதவீதம். பேசிக் என்னும்போது டிஏ (அகவிலைப்படி) இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஆண்டு வாடகை 3,60,000, அதில் 78,000 கழித்தால் 2,82,000. வாங்கிய ஹெச்ஆர்ஏ 3,12,000. ஐம்பது சதவீதம் 3,90,000, நாற்பது என்றாலும் 3,12,000. குறைந்தது 2,82,000. ஆகவே எந்தச் சதவீதம் போட்டாலும் உங்கள் விலக்கு மாறாது. கேள்வி கேட்டவருக்கு வாடகை 1,68,000, அதில் 78,000 போக 90,000தான். பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டாவது தொகைதான் கட்டிப்போடும். பேசிக்கில் பாதியை ஹெச்ஆர்ஏ-வாகத் தரும் கம்பெனியாக இருந்து, வாடகையும் மாதம் 40,000 போல் இருந்தால்தான் 40க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் பணமாகத் தெரியும்.

பழைய முறையா, புது முறையா என்பதற்கு யூகம் வேண்டாம், கூட்டிப் பார்த்தால் போதும். மொத்தச் சம்பளம் 15,60,000, இதே விகிதங்களில். புது முறையில் 75,000 போக 14,85,000. வரி 1,02,750, செஸ் சேர்த்து 1,06,860, மாதம் 8,905. பழைய முறையில் அதே வரிக்கு இறங்கி வர வேண்டுமானால் வரிக்குரிய வருமானம் 9,51,250 ஆக வேண்டும். அதாவது கழிவுகள் மொத்தம் 6,08,750 தேறணும். அதில் நிலையான கழிவு 50,000, ஆந்திரா தொழில் வரி 2,400 தானாக வரும். மீதி 5,56,350ஐ நீங்கள் ஆதாரத்தோடு காட்ட வேண்டும்.

கும்மிடிப்பூண்டி நண்பருக்கு: ஹெச்ஆர்ஏ 90,000, 80சி சேமிப்புக் கழிவு 1,50,000 (அவருடைய பிஎஃப் 93,600 இதற்குள்ளேயே அடங்கும், தனியாகக் கூட்டக் கூடாது), மருத்துவக் காப்பீடு 25,000. இவ்வளவோடு நின்றால் பழைய முறையில் வரி 1,92,691. புது முறையைவிட 85,831 அதிகம். இன்னும் வீட்டுக்கடன் வட்டி 2,00,000, என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) 50,000 என்று எல்லாம் இருந்தாலும் 1,15,461. அப்போதும் புது முறைதான் குறைவு.

உங்களுக்கு ஹெச்ஆர்ஏ மட்டுமே 2,82,000 என்பதால், 80சி, காப்பீடு, வீட்டுக்கடன் வட்டி மூன்றும் உண்மையில் இருந்தால் பழைய முறை ஜெயிக்கும். வீட்டுக்கடன் இல்லையென்றால் ஜெயிக்காது. வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டு உரிமையாளரின் பான் கட்டாயம். பணத்தை வங்கி வழியே கொடுங்கள், ரசீதும் ஒப்பந்தமும் பத்திரமாக இருக்கட்டும். உரிமையாளர் பான் தர மறுத்தால் அந்த விலக்கை மறந்துவிடுங்கள். தெரிந்தவர் பான் ஒன்றைப் போட்டு ஒப்பேற்றச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பான்காரரின் ரிட்டர்னில் வாடகை வருமானம் இல்லையென்று கணினி கண்டுபிடித்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

ஹெச்ஆரிடம் புது முறை சொல்லிவிட்டு, ரிட்டர்னில் பழைய முறைக்கு மாறலாம், சம்பளக்காரருக்கு அந்த உரிமை ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால் மட்டுமே. கெடு தாண்டினால் புது முறை மட்டும்தான், எவ்வளவு ஆதாரம் வைத்திருந்தாலும்.

சம்பளக்கணக்கு

ஆடிட் சார் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். புது முறையில 80சி, ஹெச்ஆர்ஏ எதுவும் இல்லன்னாலும், கம்பெனி உங்க பேர்ல கட்டுற என்பிஎஸ் பங்குக்குக் கழிவு உண்டு: 80சிசிடி(2), பேசிக்ல 14 சதவீதம் வரைக்கும். 65,000 பேசிக்குக்கு மாசம் 9,100, வருஷம் 1,09,200. ஸ்பெஷல் அலவன்ஸ்ல இருந்து அந்தத் தொகையை எடுத்து என்பிஎஸ்ஸுக்கு மாத்தித் தரச் சொல்லணும். வரி 1,06,860ல இருந்து 89,825க்கு இறங்கும், 17,035 மிச்சம். ஆனா கைக்கு வர்றது குறையும், பணமும் ஓய்வுக் காலம் வரைக்கும் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். கடன் தவணை நெருக்கடியில இருக்கறவர் வரியைப் பார்த்து இதுல இறங்க வேண்டாம்ங்கறது என் அபிப்பிராயம். நீங்களாவே என்பிஎஸ் கட்டினா புது முறையில கழிவு கிடையாது, கம்பெனி வழியாப் போனாதான்.

கம்பெனி பஸ் பத்தியும் அடிக்கடி கேக்குறாங்க. வீட்டுல இருந்து வேலைக்கு ஏத்திட்டுப் போற பஸ் வசதிக்கு வரி இல்ல. பஸ்ஸுக்குன்னு சம்பளத்துல 1,000, 1,500 பிடிச்சாங்கன்னா அது வெறும் செலவு. வரிக்குரிய சம்பளத்துல இருந்து அதைக் கழிக்க முடியாது.

சத்தியவேடு

அண்ணா, நான் லைன்ல வேலை பாக்குறேன், மொத்தச் சம்பளம் 19,500. ஓடி (ஓவர்டைம்) செஞ்ச மாசம் 23,500 வருது. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 21,000 வரைக்கும்தானாமே, ஓடி மாசத்துல கார்டு போயிடுமா? ஜனவரில இருந்து இன்கிரிமெண்ட் போட்டு 21,800 ஆக்கப் போறாங்க. வருமான வரி எங்களுக்கும் வருமா?

சம்பளக்கணக்கு

தம்பி, கார்டு போகாது. 21,000 வரம்பு பார்க்கும்போது ஓடியைச் சேர்க்க மாட்டாங்க. ஆனா பங்கு பிடிக்கும்போது ஓடியும் சேரும். அந்த மாசம் 23,500ல 0.75 சதவீதம் 176.25 வரும், மேல் ரூபாய்க்கு ஏத்தி 177 பிடிப்பாங்க. கம்பெனி தன் பங்கா 3.25 சதவீதம் கட்டணும்.

இன்கிரிமெண்ட் விஷயத்துல காலக்கணக்கு உண்டு. ஏப்ரல்-செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர்-மார்ச் ஒரு காலம். நடுவுல வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியுற வரைக்கும் நீங்க இஎஸ்ஐக்குள்ளதான். ஜனவரில 21,800 ஆனாலும் மார்ச் 31 வரைக்கும் புதுச் சம்பளத்துக்கே பிடிப்பாங்க. அப்படிப் பிடிக்காம ஜனவரிலயே நிறுத்தினாங்கன்னா தப்பு, கேளுங்க. ஏப்ரல்ல இருந்து இஎஸ்ஐ பிடித்தம் நின்னதும் வீட்டுல யாருக்காவது சிகிச்சை ஓடிக்கிட்டு இருந்தா, முன்கூட்டியே கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ்ல பேர் சேர்க்கச் சொல்லுங்க. காலி இடைவெளி விடாதீங்க.

தொழில் வரியும் உங்களுக்கு 150ல இருந்து 200 ஆகும், ஓடி மாசத்துலயும் அப்படித்தான். வருமான வரி உங்க சம்பளத்துக்குக் கிடையாது.

கும்மிடிப்பூண்டிவாசி

இன்னொண்ணு கேட்டுடறேன். மார்ச்ல போனஸ் வந்தா 12 லட்சத்தைத் தாண்டிடும்னு எங்க டீம்ல ரெண்டு பேர் பயப்படுறாங்க. ஒரு ரூபா தாண்டினா அறுபதாயிரம் வரியாமே?

நகரி ஆடிட்

அப்படி விழாமல் இருக்கத்தான் மார்ஜினல் ரிலீஃப். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தை எவ்வளவு தாண்டுகிறதோ, வரி அதற்கு மேல் போகாது. சம்பளம் 13,00,000 என்றால் கழிவு போக 12,25,000. சாதாரணக் கணக்கில் 63,750. ஆனால் தாண்டியது 25,000 மட்டுமே, ஆகவே வரி 25,000, செஸ்ஸோடு 26,000. ஏறக்குறைய 12,70,588 வரை இந்தச் சலுகை நிற்கும். போனஸை வேண்டாம் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. அந்த இடைவெளியில் கூடுதலாக வரும் பணத்தில் கைக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது மட்டும் உண்மை.

அவர்கள் உண்மையில் பார்க்க வேண்டியது வங்கி வட்டி. சம்பளம் 12.70 லட்சம், எஃப்டி வட்டி 40,000 என்றால் கம்பெனி கணக்கில் வரி பூஜ்யம், உங்கள் கணக்கில் பூஜ்யமல்ல. பங்கு விற்ற லாபத்துக்குத் தனி விகிதம், அதற்கு 87ஏ தள்ளுபடி கிடையாது. இந்தப் பக்கம் பலருக்கு மாந்தோப்பு, நெல் வருமானம் உண்டு. விவசாய வருமானத்துக்கு வரி இல்லைதான், ஆனால் 5,000க்கு மேல் இருந்தால் விகிதக் கணக்குக்காகச் சேர்த்துப் பார்ப்பார்கள், ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2 போட வேண்டும்.

வாளையார் பக்கம்

கம்பெனி வரியப் பிடிச்சுட்டுக் கட்டாம விட்டா என்ன பண்றதுங்க? இங்க சின்ன யூனிட்டுகள்ல இந்தப் புகார் உண்டு.

நகரி ஆடிட்

பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. காலாண்டு அறிக்கை 24க்யூ தாக்கல் செய்த பிறகுதான் உங்கள் 26ஏஎஸ்-இல் (உங்கள் பெயரில் கட்டிய வரியின் பட்டியல்) தெரியும், ஆகவே ஒரு மாதம் தெரியவில்லை என்று பதற வேண்டாம். காலாண்டு முடிந்து இரண்டு மாதம் ஆகியும் வரவில்லையென்றால் எழுத்து மூலம் கேளுங்கள். மின்னஞ்சல் போதும், ஆனால் வாய்ப்பேச்சு போதாது. கம்பெனி பிடித்த தொகையை உங்களிடம் மறுபடி வசூலிக்கக் கூடாது என்று 205ஆம் பிரிவு சொல்கிறது. அதை நிறுவ உங்களிடம் இருக்க வேண்டியவை சம்பளச் சீட்டும், அந்தச் சீட்டின் தொகைதான் வங்கியில் ஏறியது என்ற கணக்கு விவரமும். சீட்டைக் கம்பெனி இணையதளத்திலேயே விட்டுவைக்காதீர்கள். வேலையை விட்ட மறுநாள் லாகின் போய்விடும். மாதாமாதம் இறக்கி வையுங்கள்.

ஒரு குறிப்பு: 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும். 2025-26 வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்பதால் இந்த இழையில் பழைய எண்களையே சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டிவாசி

இன்னைக்கு 12பி கொடுத்துட்டேன், வாங்கிக்கிட்டாங்க. இந்த மாசத்துல இருந்தே பிடிக்கிறோம்னு சொல்லிட்டாங்க. ஜூன்ல ஃபார்ம் 16 (கம்பெனி தர்ற வரிப் பிடித்தச் சான்று) வந்ததும் எதைச் சரிபார்க்கணும்?

நகரி ஆடிட்

ஜூன் 15க்குள் தர வேண்டும். வந்ததும் பார்ட் பி-யைத் திறந்து, மொத்தச் சம்பளப் பகுதியில் "வேறு முதலாளியிடமிருந்து பெற்ற சம்பளம்" என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 6,00,000 இருக்க வேண்டும். நிலையான கழிவு 75,000 ஒரு தடவைதான் இருக்க வேண்டும். பார்ட் ஏ-யில் உள்ள வரித் தொகையும் 26ஏஎஸ்-இல் உள்ளதும் 78,780 என்று பொருந்த வேண்டும்.

ரிட்டர்ன் நிரப்பும்போது எதிர்ப்பக்கத் தவறு ஒன்று நடக்கும். பழைய கம்பெனியின் 6,00,000 தளத்தில் முன்கூட்டியே நிரம்பியிருக்கும், புது கம்பெனி ஃபார்ம் 16இலும் அது சேர்ந்திருக்கும். இரண்டையும் அப்படியே விட்டால் சம்பளம் 19,80,000 ஆகிவிடும். முதலாளிவாரியாகப் பிரித்துப் போடுங்கள்: அம்பத்தூர் 6,00,000, ஸ்ரீசிட்டி 7,80,000. கூட்டல் 13,80,000க்கு மேல் போனால் சமர்ப்பிக்காதீர்கள். அனுப்பிய பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துவிடுங்கள். அது செய்யாத ரிட்டர்ன் போட்டதாகவே கணக்கில் வராது.

சம்பளக்கணக்கு

பழைய கம்பெனியில வரியே பிடிக்காததால அங்க இருந்து ஃபார்ம் 16 வராமப் போகலாம், சார். அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். செப்டம்பர் சீட்டுல வலது பத்தியில ஏப்ரல்ல இருந்து சேர்ந்த கூட்டுத்தொகை இருக்கும், அதுவும் கடைசி செட்டில்மெண்ட் தாளும் போதும். செட்டில்மெண்ட்ல லீவுக்குப் பணம் ஏதாவது கொடுத்திருந்தா அதையும் 12பி-யில சேர்த்தீங்களான்னு ஒரு தடவை பார்த்துடுங்க, அந்தத் தொகை 6,00,000க்கு மேல வரும். விட்டுப்போயிருந்தா பிப்ரவரி சம்பளம் போடுறதுக்குள்ள திருத்திக் கொடுங்க.